மாதம் 4,200 ரூபாய்க்கு மாத்திரை: இதில் எது வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேப்பமரத்தடி | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். வயது 48, ஊர் திருச்சி. பீரியட்ஸ் நின்று எட்டு மாதம் ஆகிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்காம், ஆகவே இன்னும் நாலு மாதம் பாக்கி. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு திகுதிகுவென்று எரிந்து விழிப்பு வரும், நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஃபேனை ஐந்தில் வைத்தால் வீட்டுக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டு முறைப்பார்.

இன்று மாதக் கணக்கு எழுதும்போது மாத்திரைக்கு மட்டும் 4,200 ரூபாய் போயிருப்பதைப் பார்த்துத் திக்கென்றது. டப்பாவைக் கவிழ்த்தேன். கால்சியம், வாரம் ஒன்று வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே, முடிக்குப் பயோட்டின் 10 மில்லிகிராம், மீன் எண்ணெய், தூக்கத்துக்கு மெக்னீசியம், மூட்டுக்குக் கொலாஜன் பவுடர். இதில் டாக்டர் எழுதியது முதல் இரண்டும்தான். மற்றவை பக்கத்து சீட் தோழி, நாத்தனார், இன்ஸ்டாகிராம் புண்ணியம். இது போக தைராய்டு மாத்திரை பத்து வருடமாக உண்டு.

கேள்வி இதுதான். இவற்றையெல்லாம் நம் வயதுப் பெண்களிடம் யாராவது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? "எனக்குக் கேட்டுச்சு" என்ற பதில் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

தங்கத்தாமரை | ஞாயிறு இரவு 10.05

தோழி, தனித்தனியாக வாங்குவதால்தான் இவ்வளவு செலவு. நாங்கள் பயன்படுத்தும் பொருளில் 32 மூலிகை ஒரே டப்பாவில். எனக்கு மூன்றே வாரத்தில் மூட்டு வலி, சூடு, முடி எல்லாம் சரி. தனிச்செய்தியில் வாருங்கள், விவரம் சொல்கிறேன்.

நெறியாளர் | ஞாயிறு இரவு 10.20

தங்கத்தாமரை, விற்பனைக்கு வேறு பகுதி இருக்கிறது. இரண்டாவது முறை சொல்கிறேன்.

புள்ளிவிவரப் புலி | ஞாயிறு இரவு 11.30

மருந்து ஆய்வுகளின் தரவைப் பார்க்கும் வேலை எனக்கு, டாக்டர் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதித்திருக்கிறார்கள், நன்றாகவே. பெரியது அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ். 50 முதல் 79 வயது வரை 36,282 பெண்கள், எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று குலுக்கல்தான். சராசரியாக ஏழு வருடம் போனது. 2006-ல் முடிவு வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி 1 சதவீதம் போல அதிகம். இடுப்பெலும்பு முறிவு 12 சதவீதம் குறைவு, ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது, அது தற்செயல் இல்லை.

அப்புறம் வைட்டல் ஆய்வு. 25,871 பேர், பெண்கள் என்றால் 55 வயதுக்கு மேல். வைட்டமின் டி தினம் 2,000 யூனிட், மீன் எண்ணெய் 1 கிராம், இரண்டையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ஐந்து வருடத்துக்குச் சற்று மேல். வைட்டமின் டி-யோ மீன் எண்ணெயோ புற்றுநோயையும் பெரிய இதயநோய்களையும் குறைக்கவில்லை, 2022-ல் வந்த தனிக் கட்டுரைப்படி வைட்டமின் டி எலும்பு முறிவையும் குறைக்கவில்லை.

உடம்பு எரிச்சலுக்கு மீன் எண்ணெய் கேட்குமா என்றும் தனியாகப் பார்த்தார்கள். 355 பெண்கள், 12 வாரம், ஒரு பக்கம் 1.8 கிராம் ஒமேகா-3, மறுபக்கம் ஆலிவ் எண்ணெய் நிரப்பிய கேப்சூல். ஆரம்பத்தில் ஒரு நாளைக்குச் சராசரி ஏழெட்டு தடவை எரிச்சல். முடிவில் மீன் எண்ணெய்க்காரர்களுக்கு இரண்டுக்கு மேல் குறைந்திருந்தது. ஆலிவ் எண்ணெய்க்காரர்களுக்கும் அதே மாதிரி இரண்டுக்கு மேல் குறைந்திருந்தது. அந்த ஆலிவ் எண்ணெய்ப் பெண்கள் அத்தனை பேரும் பக்கத்து சீட் தோழியிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கருப்பட்டி காபி | திங்கள் காலை 6.15

இதற்குத்தான் நான் டப்பா பக்கமே போவதில்லை. வயது 56, தூத்துக்குடி. அம்மா உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி போட்டு நல்லெண்ணெய் ஊற்றித் தருவார், அதுதான் எங்கள் கால்சியம் மாத்திரை. வெள்ளைக்காரன் 36,000 பேரை வைத்து ஏழு வருடம் கழித்துச் சொல்வதை எங்கள் ஆச்சி அடுப்படியிலேயே சொல்லிவிட்டார்.

புள்ளிவிவரப் புலி | திங்கள் காலை 8.50

அக்கா, உளுந்தங்களி எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆச்சிக்கும் வெற்று மாத்திரைக் குழு கிடையாதே. களி சாப்பிடாத ஆச்சியை எங்கே போய்ப் பார்ப்பது?

கருப்பட்டி காபி | திங்கள் காலை 9.02

களி சாப்பிடாத ஆச்சி எங்கள் ஊரில் கிடையாது. அதனால் நான்தான் ஜெயித்தேன்.

மருந்துக்கடைக்காரன் | திங்கள் மதியம் 2.30

ஈரோட்டில் இருபது வருடமாகக் கடை. புலி சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த அமெரிக்கப் பெண்கள் ஏற்கெனவே சாப்பாட்டிலும் சொந்த மாத்திரையிலுமாக ஒரு நாளைக்கு 1,150 மில்லிகிராம் போலக் கால்சியம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு மட்டம் ஏறவில்லை என்றால் எப்படி? நம் ஊரில் காலையில் இட்லி, மதியம் சோறு ரசம், பால் என்றால் காபியில் விடும் அரை டம்ளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-ல் மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் என்று சொல்லியிருக்கிறது. கடைக்கு வரும் பெண்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கூட்டிப் பார்த்தால் பாதி தேறுவதே பெரும்பாடு.

அதனால் கால்சியத்தை மட்டும் மற்ற டப்பாக்களோடு சேர்த்துக் குப்பையில் போடாதீர்கள். கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு, ஒரே தடவையில் 500-க்கு மேல் வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். டிஎஸ்எச் என்பது தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் ஏறும் ரத்த அளவு. காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு "டிஎஸ்எச் ஏன் ஏறுது" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இருவராவது வருகிறார்கள்.

புள்ளிவிவரப் புலி | திங்கள் மாலை 6.10

ஒத்துக்கொள்கிறேன், இது நல்ல எதிர்வாதம். வைட்டல் ஆய்விலும் அதே கதைதான், சேர்ந்தவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி சராசரி 30-க்குச் சற்று மேல், அதாவது பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை. மறுபக்கம் பிரான்சில், லியோன் பக்கத்தில், முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களிடம் ஒரு ஆய்வு, 1992-ல் வெளிவந்தது. சராசரி வயது 84, வெயில் அதிகம் படாதவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் டி-யும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். பதினெட்டு மாதத்தில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது.

ஆக, "வைட்டமின் டி வேலை செய்கிறதா" என்ற கேள்விக்கே பதில் கிடையாது. யாருக்கு, எவ்வளவு குறைந்திருக்கும்போது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். 84 வயது பிரெஞ்சுப் பாட்டியின் முடிவை 48 வயது வேப்பமரத்தடிக்கு அப்படியே ஒட்டவும் முடியாது, அமெரிக்கப் பெண்களின் முடிவையும் ஒட்ட முடியாது. நம் ஊர் நடுவயதுப் பெண்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஏழு வருடம் பின்தொடர்ந்து, எலும்பு முறிந்ததா என்று எண்ண வேண்டும். அதற்குக் காசு போட மாத்திரைக் கம்பெனிக்கு என்ன அவசரம், சோதிக்காமலேயே விற்கிறதே.

ஐந்தாம் மாடி | திங்கள் இரவு 8.45

வைட்டமின் டி சாஷே பற்றி ஒரு எச்சரிக்கை. என் மாமியாருக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவர் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டார், பாலில் கலந்து, ருசியாக இருக்கிறது என்று. தீர்ந்ததும் பக்கத்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து வாந்தி, குழப்பமான பேச்சு, மலச்சிக்கல். ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் சலைன். வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பி, சி அப்படிப் போகும். டி கொழுப்பில் தங்கிவிடும். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலண்டர் தாளைக் கிழிக்கும் ஆள்தான் சாஷேயும் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம்.

மாடிப்படி51 | செவ்வாய் காலை 10.20

வேப்பமரத்தடி, தைராய்டு மாத்திரையும் பயோட்டினும் சேர்த்து எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கணக்கு ஆரம்பித்து உள்ளே வந்தேன். கோயம்புத்தூர், 51 வயது.

போன வருடம் முடி கொத்துக் கொத்தாகப் போகிறது என்று 10 மில்லிகிராம் பயோட்டின் ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்து வழக்கமான தைராய்டு டெஸ்ட். டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே, தைராய்டு ஹார்மோனான டி4 அதிகம். டோஸ் ஜாஸ்தியாகிவிட்டது என்று 100-ஐ 50 ஆக்கினார்கள். அடுத்த இரண்டு மாதம் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். படியேற முடியவில்லை, முகம் வீங்கி, பகலெல்லாம் தூக்கம், முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டியது, அதற்காகப் பயோட்டினை இரண்டாக்கினேன் என்றால் பாருங்கள். மறுபடி டெஸ்ட், மறுபடி டிஎஸ்எச் குறைவு. இன்னும் குறைக்கலாம் என்றார்கள்.

கடைசியில் கேட்டது டாக்டர் இல்லை, வேறொரு லேபில் ரத்தம் எடுத்த பெண். ஊசியைக் குத்தும் முன், "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாக்கா?" என்றாள். ஆமாம் என்றதும் பஞ்சை எடுத்து டப்பாவிலேயே வைத்துவிட்டு, "மூணு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். மூன்று நாள் கழித்து எடுத்தால் டிஎஸ்எச் 19.

ரத்தமாதிரி | செவ்வாய் மதியம் 1.15

லேப் டெக்னீஷியன். மாடிப்படி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு நடக்கக்கூடியது. பல கம்பெனி கிட்களில் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பெவிகால் மாதிரி பயன்படுத்துகிறார்கள், இரண்டும் அவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய மிதந்தால் அது போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும், ஒட்ட வேண்டியது ஒட்டாது. அந்த முறையில் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். பார்த்தால் அச்சு அசலாகத் தைராய்டு அதிகமான ரிப்போர்ட். ஒரு நாளைக்கு உடம்புக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம், நீங்கள் விழுங்குவது 10,000 மைக்ரோகிராம். எல்லா மெஷினிலும் இந்தப் பிரச்சினை வராது, எந்த கிட் என்று லேபில் கேட்டால் சொல்வார்கள்.

இதைவிட முக்கியம், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் டெஸ்டும் சில கிட்களில் இப்படிப் பொய்யாகக் குறைந்து காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் எச்சரிக்கை விட்டபோது, பயோட்டின் எடுத்த ஒருவர் ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டியதை அடுத்து இறந்ததையும் குறிப்பிட்டிருந்தது. ஆகவே ஊசி போடும் ஆளிடம் எல்லா டப்பாவையும் சொல்லுங்கள். "மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா" என்றால் எல்லோரும் சுகர், பிபி மட்டும்தான் சொல்கிறார்கள். பயோட்டினை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வேப்பமரத்தடி | செவ்வாய் இரவு 9.10

படித்ததும் கை நடுங்கிவிட்டது. பயோட்டினை இன்றே நிறுத்திவிட்டேன், அடுத்த வாரம் டெஸ்ட். கால்சியமும் டி-யும் டாக்டரிடம் கேட்டுத் தொடர்கிறேன், டி அளவையும் பார்க்கச் சொல்கிறேன். மீன் எண்ணெய் தீர்ந்ததும் வாங்கப்போவதில்லை. கொலாஜனும் மெக்னீசியமும்?

புள்ளிவிவரப் புலி | செவ்வாய் இரவு 10.40

கொலாஜன்: மாதவிடாய் நின்ற 131 பெண்களில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் தினம் 5 கிராம் கொடுத்து, எலும்பு அடர்த்தி கூடியது என்று 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. காசு போட்டது கொலாஜன் தயாரிக்கும் நிறுவனம். அதற்காகப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அடர்த்தி கூடுவது வேறு, எலும்பு முறியாமல் இருப்பது வேறு. 131 பேரை ஒரு வருடம் பார்த்தால் எத்தனை பேருக்கு எலும்பு முறியப்போகிறது? அதை எண்ண முடியாது என்பதால்தான் ஸ்கேனில் தெரியும் அடர்த்தியை அளக்கிறார்கள். சோயாவிலும் இப்படித்தான் பெரிய நம்பிக்கை இருந்தது. மயாமியில் 248 பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் சோயாவில் இருக்கும் ஐசோஃபிளவோன் என்ற சத்தைத் தினம் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள், எலும்பு தேய்வது நிற்கவில்லை. உடம்பு எரிச்சல் சோயாக்காரர்களில் 48 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரைக்காரர்களில் 32 சதவீதம் பேருக்கு.

எலும்புக்கு நடுவயதில் காசு செலவழிப்பதென்றால் என் ஓட்டு பளு தூக்குவதற்குத்தான். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களில் பாதிப் பேரை, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, நிஜமான கனம் தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான உடற்பயிற்சி செய்த மீதிப் பேருக்குக் குறைந்தது. இதுவும் சின்ன ஆய்வுதான், இங்கேயும் அளந்தது அடர்த்திதான், என் வாதம் என் மேலேயே திரும்பும் என்று தெரியும். ஆனால் தூக்கிப் பழகினால் காலும் உறுதியாகும்.

மெக்னீசியம் விஷயம் வேறு. எலும்பை உங்கள் வீட்டில் சோதிக்க முடியாது, அதற்கு 36,000 பேர் வேண்டும். தூக்கத்தைச் சோதிக்கலாம். தினமும் வருகிறது, எண்ண முடிகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் அசலையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேப்பமரத்தடி | செவ்வாய் இரவு 10.55

மகள் பி.ஃபார்ம் மூன்றாம் வருடம். கேட்டதும் குதிக்கிறாள்.

மருந்துக்கடைக்காரன் | புதன் காலை 11.00

கேப்சூலில் என்ன நிரப்புகிறாள் என்று மட்டும் கவனம். அரிசி மாவு போதும், வேறு எதுவும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மெக்னீசியமே கூடாது. இன்னொன்று, டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். முன்பக்கத்தில் மூட்டு, முடி, தூக்கம் என்று படம் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் இது மருந்தில்லை என்று எழுதுகிறார்கள். அது சட்டப்படி எழுதியே ஆக வேண்டிய வரி, நானும் தினமும் விற்கிறேன், ஒருவர்கூட அதைக் காட்டி என்ன அர்த்தம் என்று கேட்டதில்லை.

வேப்பமரத்தடி | ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.30

இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும், கணக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் தைராய்டு. பயோட்டினை நிறுத்தி எடுத்த டெஸ்டிலும் டிஎஸ்எச் பழைய மாதிரியேதான், எங்கள் லேப் கிட்டில் பாதிப்பு இல்லை போலிருக்கிறது. நிம்மதி. முடி எப்போதும் போல் கொட்டுகிறது, மாத்திரை சாப்பிட்டபோதும் இதே அளவுதான் கொட்டியது என்று இப்போதுதான் உறைக்கிறது. வைட்டமின் டி 14. டாக்டர் சாஷேயைத் தொடரச் சொல்லிவிட்டார், எட்டு வாரம், வாரம் ஒன்று, ஐந்தாம் மாடியின் காலண்டர் சட்டம் இங்கேயும் அமல்.

அப்புறம் மெக்னீசியம். மகள் எட்டுக் கவர் போட்டாள், ஒரு கவரில் ஏழு கேப்சூல், நாலு கவரில் மெக்னீசியம், நாலில் அரிசி மாவு. எந்த வாரம் எது என்று குலுக்கிப் போட்டு அவள் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டிவிட்டாள். நான் தினமும் காலையில் ராத்திரி எத்தனை தடவை விழித்தேன் என்று எழுதினேன். புலி தனியாகச் சொன்னபடி ஒவ்வொரு வாரமும் முதல் இரண்டு நாளை விட்டுவிட்டோம், முந்தைய வாரத்து மிச்சம் உடம்பில் இருக்கும் என்று. ஞாயிறு தோறும் "இது அசலா மாவா" என்று என் யூகத்தையும் எழுத வேண்டும்.

நேற்று பிரித்தோம். மெக்னீசியம் வாரங்களில் ஒரு ராத்திரிக்குச் சராசரி 2.1 தடவை விழித்திருக்கிறேன். மாவு வாரங்களில் 1.9. எட்டில் மூன்றுதான் சரியாக யூகித்திருக்கிறேன். இதில் நான்காம் வாரம் "சந்தேகமே இல்லை, அசல்தான், குழந்தை மாதிரி தூங்குகிறேன்" என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். அது மாவு. அந்த வாரம் நாலு நாள் மழை, வீட்டுக்காரர் வேறு சென்னைக்குப் போயிருந்தார், ஃபேன் ராத்திரி முழுக்க ஐந்தில் ஓடியது.

கருப்பட்டி காபி | ஞாயிறு மாலை 6.05

அரிசி மாவுக்குப் பதில் உளுந்து மாவு போட்டிருந்தால் எட்டுக்கு எட்டு வந்திருக்கும்.

வேப்பமரத்தடி | ஞாயிறு மாலை 6.20

அடுத்த எட்டு வாரம் அதுதான் அக்கா. களியில் எதை வெற்று மாத்திரையாக வைப்பது என்றுதான் மகள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள்.